சாலையைக் கடக்கும் உருளைக்கிழங்கு

மொத்தச் செலவு முந்நூற்று நாற்பது சோம்.
வண்ணக் களிமண் ஒரு பெட்டி, இருபக்கம் ஒட்டும் நாடா,
மீதிச் சில்லறைக்குக் கடைக்காரர் கொடுத்த சூயிங்கம்.
சூயிங்கத்தையும் கணக்கில் எழுதச் சொன்னாள் ஐசிரெக்.
தெருவிளக்குகள் அதில்தான் நிற்கின்றன.

நரின் ஊரில் ஜனவரி.
போக்குவரத்துக் காவல் அலுவலகம்
எல்லாப் பள்ளிக்கும் ஒரு தாள் அனுப்பியிருந்தது:
பாதுகாப்பாகச் சாலையைக் கடப்பது எப்படி,
நாற்பது நொடிக்கு மிகாமல்.
நான் இயற்பியல் எடுப்பவள்.
ஆசிரியர் அறையில்
கேமரா தெளிவாக உள்ள கைபேசி என்னுடையதுதான்.
அப்படித்தான் இயக்குநர் ஆனேன்.

தச்சுப் பட்டறையின் உப்புத்தாள், சாலை.
ரவை, பனி.
தேயிலைப் பெட்டிக்குச் சோடாமூடி மாட்டினால் மார்ஷ்ருத்கா.
நாயகன் ஓர் உருளைக்கிழங்கு,
குண்டூசிக் கண், தீக்குச்சிக் கால்.
ஜன்னலுக்குக் கம்பளியை ஆணியடித்தோம்;
சூரியன் நகர்ந்தால் நிழலும் நகரும்,
எங்கள் ஊரில் மணி எப்போதும் பதினொன்றாக இருக்க வேண்டும்.

ஒரு நொடிக்குப் பன்னிரண்டு படம்.
நகர்த்து. கையை எடு. மூச்சைப் பிடி. சொடுக்கு.
சிய்மிக்குக்கு ஒரே வேலை,
யார் விரலாவது சட்டத்துக்குள் இருந்தால்
"கை!" என்று கத்துவது.
அவனுடைய விரல்தான் அதிகம் இருந்தது.

நூற்று முப்பத்தொன்றாம் படத்தில்
நாயகன் நடுச்சாலையில் ஒரு காலைத் தூக்கியிருந்தபோது
குளிர் முப்பதுக்குக் கீழே போனது,
நிலக்கரி தீர்ந்தது,
பள்ளிக்குப் பத்து நாள் விடுமுறை.

திரும்பி வந்தால் சாலை காலி.
கொதிகலன் பார்க்கும் தொக்தோபெக்
கோட்டுப் பையிலிருந்து எடுத்து நீட்டினார்:
"இங்கே இருந்தால் உறைந்து கல்லாகியிருக்கும்.
என் அறைக்குக் கொண்டுபோய்விட்டேன். அங்கே கொஞ்சம் கதகதப்பு."
கதகதப்புதான்.
முகமெல்லாம் சுருக்கம்,
உச்சியில் மூன்று வெளிர்முளை.

வேறு கிழங்கு எடுக்கலாம் என்றான் நூர்திலெக்.
முதலிலிருந்து எடுக்கலாம் என்றேன், அதைச் சொல்லும்போதே
என் இடுப்பு ஒப்புக்கொள்ளவில்லை.
ஐசிரெக் பழைய தடத்தில் அவனை நிறுத்தி,
அதே காலைத் தூக்கிவைத்து,
"பத்து நாள் நடுரோட்டில் நின்றால்
யாருக்கும் இப்படித்தான் ஆகும்" என்றாள்.
சொடுக்கு.

இருநூற்று ஆறு.
மூன்று தடித்த அகராதிகளின்மேல்
நாடா சுற்றிக் கட்டியிருந்த கைபேசி
திடீரென்று உறுமியது.
மாலையில் மட்டும் அழைப்பவன், மிர்லான்,
எகாதெரின்பர்க்கில் கட்டட வேலை.
அவன் பெயர் எங்கள் ஊருக்கு மேலே
பச்சையும் சிவப்புமாய்ப் படர்ந்து நின்றது.
தொட்டால் கோணம் போய்விடும்.
மூன்று பிள்ளைகளும் என் கையையே பார்த்தார்கள்.
யாரும் கத்தவில்லை.

கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன்.
கூரைகளிலிருந்து ரவை சரிந்தது.
ஒரு தெருவிளக்கு மெல்லச் சாய்ந்தது, சூயிங்கம் விடவில்லை.
பிறகு நின்றது.
பிறகு மறுபடியும் உறுமி, மறுபடியும் நின்றது.

மாலையில் நானே அழைத்தேன்.
ஒன்றுமில்லை, முதலாளி சீக்கிரம் விட்டுவிட்டார் என்றான்.
நீ என்ன செய்துகொண்டிருந்தாய்?
சாலையைக் கடந்துகொண்டிருந்தேன் என்றேன்.
அந்தப் பக்கம் யாரோ இரும்பை வெட்டும் சத்தம்.
"பார்த்துப் போ" என்றான்.

பிப்ரவரியில் திரையிட்டார்கள்.
காவல் அதிகாரி விளக்கை அணைக்கச் சொல்லிக் கையைத் தூக்க
சிய்மிக் பழக்கத்தில் "கை!" என்று கத்திவிட்டான்.
பதினோராம் நொடியில் நாயகனுக்குக் கொம்பு முளைத்தது,
ஒன்றாம் வகுப்பு கைதட்டியது.
பதினேழு தாண்டியதும் ஊரே ஒருமுறை அதிர்ந்தது,
கூரைப் பனி ஒரே நொடியில் தரைக்கு வந்தது,
உருளைக்கிழங்கு அண்ணாந்து பார்த்துவிட்டு
மீதிச் சாலையைக் கடந்தது.

மூன்றாம் பரிசு. இருட்டில் மின்னும் மேலங்கி, ஏழு.
எல்லாம் நல்லது, என்றார் அதிகாரி,
இந்த நிலநடுக்கம் எதற்கு?

ஐசிரெக் எழுந்து நின்றாள்.
"அது நிலநடுக்கம் இல்லை, சார்.
டீச்சருக்குப் போன் வந்தது."